டேபிள் டென்னிஸ் பேட் கைப்பிடி வழுக்குகிறதா? டேப் சுற்றும் முன் செய்ய வேண்டியவை

கைப்பிடி வழுக்க ஆரம்பித்ததும் பலரும் செய்வது, ஒரு கிரிப் டேப் வாங்கி அப்படியே மேலே சுற்றிவிடுவது. கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருக்கும். பிறகு உள்ளே அடைபட்ட அழுக்கும் ஈரமும் சேர்ந்து டேப்பையே நகர்த்த ஆரம்பிக்கும். மரத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்து லேசாகத் தேய்த்தால், பெரும்பாலான கைப்பிடிகளுக்கு டேப்பே தேவைப்படாது.

வழுக்கலுக்குக் காரணம் இரண்டு: உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும். வியர்வை காய்ந்தாலும் உப்பு மரத்தில் தங்கிவிடும்; அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், பையிலிருந்து எடுத்த உடனேயே பேட் பிசுபிசுப்பது இதனால்தான். தோலின் எண்ணெயோ மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும். அதன் மேல் உள்ளங்கை உரசி உரசிக் கைப்பிடி பளபளப்பாகிவிடும். உப்பு தண்ணீரில் கரையும், ஸ்பிரிட்டில் அவ்வளவாகக் கரையாது. எண்ணெய் வெறும் தண்ணீருக்கு அசையாது. அதற்குச் சோப்போ ஸ்பிரிட்டோ வேண்டும். ஆக முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு ஸ்பிரிட்.

கழுவுவதல்ல, துடைப்பது

ரப்பர் ஒட்டியே இருக்கட்டும், கழற்ற வேண்டாம். கைப்பிடியை ஒட்டியுள்ள ரப்பர் ஓரத்தை மட்டும் இரு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் மூடி, ரப்பர் முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் நுழைத்துக் கட்டிவிடுங்கள். மாஸ்கிங் டேப்பை ரப்பரின் மேல் அழுத்தித் தேய்க்காதீர்கள். பழைய ரப்பராக இருந்தால் உரிக்கும்போது மேல்தோல் பிய்ந்து வரும்.

பழைய டூத்பிரஷ்ஷைக் காய்ந்தபடியே எடுத்து, கைப்பிடி பிளேடை (ரப்பர் ஒட்டியிருக்கும் மரப் பலகையை) தொடும் மூலைகளைத் தேய்யுங்கள். கருப்பு அழுக்கு அதிகம் சேர்வது அங்கேயும், சுண்டுவிரல் பிடிக்கும் கீழ்ப்பகுதியிலும்தான். அடுத்து 250 மில்லி தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு மூன்று சொட்டு விட்டு, துணியை நனைத்து, சொட்டுச் சொட்டாதபடி பிழிந்து துடையுங்கள். துணியில் மஞ்சளும் கருப்புமாக அழுக்கு வரும். துணி ஓரளவு வெளுப்பாக வரும்வரை இடத்தை மாற்றி மாற்றித் துடைத்து, கடைசியில் வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் இருமுறை துடைத்துவிடுங்கள். சோப்பு தங்கினால் அடுத்த வியர்வையில் நுரைத்து இன்னும் வழுக்கும்.

குழாயடியில் மட்டும் காட்டாதீர்கள். கைப்பிடி என்பது பிளேடின் இரு பக்கமும் பசையால் ஒட்டப்பட்ட இரண்டு துண்டுகள். எடையைக் குறைக்க உள்ளே குடைந்த கைப்பிடிகளும் உண்டு. இணைப்பில் தண்ணீர் புகுந்தால் மரம் ஊதி, பசை விட்டுப்போகும். வெயிலில் காய வைப்பதும் ஹேர் டிரையர் பிடிப்பதும் அதே வேலையைத்தான் செய்யும். நிழலில், காற்றாடிக்குக் கீழே ஓர் இரவு விட்டால் போதும்.

காய்ந்ததும் கைப்பிடியின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைத் துடைப்பதற்கு முன் செய்தால் ஏமாற்றும். எண்ணெய்ப் பிசுக்கின் மேலும் தண்ணீர் முத்துப்போலத்தான் நிற்கும். சொட்டு மெல்ல ஊறி மரம் கருத்தால் அது பூச்சில்லாத மரம். அப்படியே நின்றால் வார்னிஷ் அடித்தது. ரெடிமேடாக ரப்பருடன் வரும் மலிவான பேட்டுகளில் கனமான வார்னிஷ் சகஜம்.

பூச்சில்லாத மரத்துக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று கேட்டாலும் ஏதாவது ஒன்று கிடைக்கும்) பஞ்சில் ஒரு டீஸ்பூன் அளவு எடுத்துத் துடைத்தால் மிச்ச எண்ணெய் வந்துவிடும். சாயம் ஏற்றிய வண்ணப் பட்டைகள் இருந்தால் முதலில் அடிமுனையில் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் ஸ்பிரிட்டை விட்டுவிடுங்கள். வார்னிஷ் கைப்பிடிக்கும் இது வேண்டாம், பூச்சு இளகிப் பிசுபிசுக்கலாம். ஹேண்ட் சானிடைசர் ஜெல்லும் ஆகாது. அதிலுள்ள கிளிசரின் காய்ந்த பிறகும் படலமாக நிற்கும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். இவற்றைப் போல ஆவியாகும் கரைப்பான் உள்ள பசைகளுக்கு டேபிள் டென்னிஸில் 2008 செப்டம்பர் முதல் சர்வதேசத் தடை இருக்கிறது; அந்த ஆவி ரப்பருக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்சில் ஏறினால் போட்டிக்கு முந்தைய பேட் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

உப்புத்தாள்

240 நம்பர் ஒன்று, 320 நம்பர் ஒன்று போதும். சிறு துண்டாகக் கிழித்து, விரலால் பிடித்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே, அதாவது கைப்பிடியின் நீளவாக்கில் தேய்யுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும், அதில் அழுக்கு சீக்கிரம் குடியேறும். ஒவ்வோர் இடத்திலும் 240இல் ஏழெட்டு இழுப்பு, 320இல் நாலைந்து. அதற்கு மேல் நயமான தாளுக்குப் போகாதீர்கள். 600, 800 என்று போவது மேசைக்குச் சரி. கைப்பிடிக்கு அது பாலிஷ், அதாவது நீங்கள் போக்க நினைத்த அதே வழுக்கல்.

தூளைக் கவனியுங்கள். மர நிறத்தில் உதிரியாக வந்தால் சரியாகப் போகிறது. சாம்பல் நிறத்தில் பசைபோலத் தாளில் அப்பினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. திரும்பத் துடைத்துக் காயவிட்டுத் தொடருங்கள். சிவப்போ நீலமோ வந்தால் வண்ணப் பட்டை கரைகிறது, அந்த இடத்தில் நிறுத்துங்கள். அந்தப் பட்டைகள் மிக மெல்லியவை. வார்னிஷ் கைப்பிடியில் பூச்சு முழுவதையும் எடுக்கத் தேவையில்லை. பளபளப்பு போய் மங்கலானாலே பிடி வந்துவிடும்.

முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். காய்ந்ததும் மரத்தின் நுண்ணிய நார்கள் நிமிர்ந்து சொரசொரப்பாக இருக்கும். 320ஐ அழுத்தாமல் இரண்டு இழுப்பு இழுத்தால் அடங்கிவிடும். இதைச் செய்யாவிட்டால் முதல் ஆட்ட வியர்வையிலேயே நார் எழுந்து உள்ளங்கையை அறுக்கும். கையோடு கையாக, ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் உரசும் பிளேடின் தோள் விளிம்பையும் கொஞ்சம் தேய்த்து மழுங்கலாக்கிவிடலாம். ஜப்பானியப் பென்ஹோல்டின் (பேனா பிடிப்பதுபோலப் பிடிக்கும் பேட்) கார்க் பிடிக்கு ஈரத்துணியும் 320இல் ஒரு வருடலும் தாண்டி எதுவும் வேண்டாம். கார்க் உதிர்ந்தால் திரும்ப வராது.

பிறகு மேலே எதையும் பூசாதீர்கள். தேங்காய் எண்ணெய், மெழுகு, புது வார்னிஷ் எல்லாமே எதிர் வேலை செய்யும். பவுடர் கையில் தங்காது, ரப்பரில் விழுந்து சுழற்சியைக் கெடுக்கும்.

துடைக்கும்போது இணைப்பில் இடைவெளி தெரிந்தாலோ, தட்டினால் கிர்ரென்று சத்தம் வந்தாலோ, மரம் ஒட்டும் ஃபெவிகாலைச் சிறிது தண்ணீர் விட்டு இளக்கி, சவர பிளேடின் நுனியால் உள்ளே தள்ளி, ரப்பர் பேண்டு இறுக்கிப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். வழிந்த பசையை உடனே துடைக்க வேண்டும். சூப்பர் க்ளூ ஆகாது, அதிர்வில் விரிசல் விடும்.

இதற்குப் பிறகும் வழுக்கினால்

கை அதிகம் வியர்ப்பவர்களுக்கு டேப் தேவைதான். விதியில் தடையில்லை. டென்னிஸ் ராக்கெட்டின் பிடிக்கு மேல் சுற்றும் மெல்லிய டேப்பான ஓவர்கிரிப்பே நல்லது. ஒன்றில் பாதி போதும். அடிமுனையில் ஆரம்பித்து பிளேடை நோக்கி, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று 2 மில்லிமீட்டர் ஏறும்படி இழுத்துச் சுற்றுங்கள். அப்போது டேப்பின் விளிம்புகள் அடிமுனையைப் பார்த்திருக்கும். கை கீழே நழுவும்போது அவற்றைச் சுருட்டாது. மேலிருந்து கீழே சுற்றினால் இரண்டே வாரத்தில் விளிம்பு கயிறாகச் சுருளும். கைப்பிடி தடிக்கும், எடை பிடிப்பக்கம் சாயும்; தலை கனமாக இருந்த பேட்டுக்கு அது நல்லதுகூட. மாதம் ஒருமுறை டேப்பைப் பிரித்து மரத்தைக் காற்றாட விடுங்கள். உள்ளே கரும்புள்ளி தெரிந்தால் பூஞ்சை: ஸ்பிரிட்டில் துடைத்து, ஒரு நாள் காயவைத்து, புது டேப் போடுங்கள்.