நன்றாக ஓடும் கடையைச் சோதிப்பது எப்படி

தீபாவளி வியாபாரம் முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்காதீர்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கணக்குப் புத்தகத்தோடு உட்காருங்கள். கோலாலம்பூர் செந்தூலில் அப்பா தொடங்கிய போட்டோ கடை 1998-ல் என் கைக்கு வந்தது. இன்றைய லாபம் நாளைக்கும் நிற்குமா என்று பார்க்கும் இந்தச் சோதனையை நான் செய்ய ஆரம்பித்தது 2009-ல்தான். ஐந்து வருஷம் முன்பே செய்திருந்தால் ஒரு பெரிய கடனிலிருந்து தப்பித்திருப்பேன். வியாபாரம் நன்றாக இருந்த வருஷத்தில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

முதலில் ஒரே வரியில் எழுதுங்கள்: லாபம் எதிலிருந்து வருகிறது? எதிலே அதிக விற்பனை என்பது வேறு கணக்கு, அதை இப்போது பார்க்க வேண்டாம். கேமராவும் பிலிமும் விற்ற அமெரிக்கக் கம்பெனி கோடாக் இந்த வரியை எழுதியிருந்தால் பிலிம், பிரிண்ட் தாள், கழுவும் ரசாயனம் என்றுதான் வந்திருக்கும். அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியாளர் 1975-லேயே டிஜிட்டல் கேமரா செய்து காட்டினார். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் டேப்பில் பதிய 23 வினாடி ஆனது. பிலிம் இல்லாத கேமராவை வளர்த்துவிட்டு பிலிமை எப்படி விற்பது? மேலிடத்துக்கு அதுதான் கவலை. 1981-ல் சோனி பிலிம் இல்லாத தன் மாவிகா கேமராவைக் காட்டியதும் கோடாக் உள்ளுக்குள் ஓர் ஆய்வு நடத்தியது. பிலிமுக்கு இன்னும் 10 வருஷம்போல் அவகாசம் இருக்கிறது என்று அது சொன்னது. அவ்வளவு அவகாசம் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் அந்த அவகாசத்துக்கு நடுவே, 1988-ல் 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஸ்டெர்லிங் என்ற மருந்துக் கம்பெனியை வாங்கினார்கள், சில வருஷத்தில் அதை விற்கவும் விற்றார்கள். 2012 ஜனவரியில் திவால் மனு. அதே பிலிமை விற்ற ஃபியூஜி, தன் ரசாயன அறிவை எல்சிடி திரைக்கான படலத்துக்கும் முகப்பூச்சுக்கும் திருப்பிப் பிழைத்துக்கொண்டது.

அடுத்து, நீங்கள் எழுதிய அந்த லாப வழியின்மேல் எந்த ஆசையும் இல்லாத ஒருவன் எதிரே கடை போட்டால் என்ன செய்வான் என்று எழுதுங்கள். வீடியோ, டிவிடி வாடகைக்கு விட்ட அமெரிக்கக் கடை பிளாக்பஸ்டருக்குத் தாமத அபராதம் நல்ல வருமானம். நெட்ஃபிளிக்ஸ் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அபராதமே இல்லாமல் தபாலில் டிவிடி அனுப்பியது. 2000-ல் 5 கோடி டாலருக்குத் தங்களை வாங்கிக்கொள்ளச் சொல்லி அவர்களே வந்து கேட்டும் பிளாக்பஸ்டர் மறுத்துவிட்டது. 2010-ல் திவால்.

அப்புறம், கவுண்டரில் நிற்பவரை உட்காரவைத்துக் கேளுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் தவறியது இங்கேதான். 2003 எங்களுக்கு அமோகமான வருஷம். கல்யாணம், காதணி விழா, தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம் என்று பிரிண்ட் வேலை குவிந்தது. அந்தத் தெம்பில் 2004-ல் ஏழு வருஷக் கடனில் பிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் மினிலேப் மிஷின் வாங்கினேன். வாங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் கவுண்டர் பெண் சொன்னாள்: "அக்கா, இப்பல்லாம் பிலிம் ரோல் கேட்டு வர்றவங்க எல்லாரும் நரைச்ச தலைதான்." கேட்டுக்கொண்டே பில் எழுதிக்கொண்டிருந்தேன். 2008-ல் மிஷின் நின்றது. கடன் 2011 வரை ஓடியது. கேள்வி கேட்டால் மட்டும் போதாது, அவர் சொல்வதைச் சொன்னபடியே தாளில் எழுதுங்கள். அவளுடைய அந்த ஒரு வரியை அன்றைக்கு எழுதிவைத்திருந்தால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது கை நின்றிருக்கும்.

கடனையும் அதே தாளில் எழுதுங்கள். புதியதைத் தொடங்கப் பணம் வேண்டிய நேரத்தில் தவணை அதைத் தின்றுவிடும். அமெரிக்கப் பொம்மைக் கடை டாய்ஸ் ஆர் அஸ் 2005-ல் கைமாறியபோது, வாங்கியவர்கள் அந்த விலையில் பெரும்பகுதியைக் கடனாக அந்தக் கம்பெனியின் தலையிலேயே ஏற்றினார்கள். கடையைப் புதுப்பிக்க வேண்டிய காசு வட்டிக்குப் போனது. 2017-ல் திவால், மறு வருஷம் அமெரிக்கக் கடைகள் மூடல். கோலாலம்பூர் மால்களில் அதே பெயரில் கடை தொடர்ந்து நடந்ததைப் பார்க்கிறபோது, பொம்மை வியாபாரம் செத்துப்போனதாக நான் நம்பவில்லை.

கடைசியாக, புதிய வேலைக்கு ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்கி, பழைய வேலையைப் பார்க்காத ஒருவரிடம் ஒப்படையுங்கள். போன தீபாவளிக்குப் பிறகு என் தாளில் லாபம் வரும் வழி "கல்யாண ஆல்பம்" என்று வந்தது. கவுண்டர் பையனைக் கேட்டேன். விலை கேட்டு வரும் ஜோடிகளில் பாதிப் பேர் ஆல்பத்தைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை, போனில் பார்க்கிற மாதிரி சின்ன வீடியோதான் கேட்கிறார்கள் என்றான். அப்படியே எழுதிக்கொண்டேன். இரண்டாவது கேமராவையும் மாதம் 800 வெள்ளியையும் (ரிங்கிட்) அவனிடம் கொடுத்திருக்கிறேன். ஆல்பம் ஆர்டர் குறைந்தால் அவனைக் குறை சொல்லக் கூடாது என்று ஆல்பம் வேலை பார்ப்பவர்களிடமும் சொல்லிவிட்டேன்.