லான்ல பன்னி கிண்டுதுன்னு வேலி போடுறதுக்கு முன்னாடி

நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளியில இருந்து மண்டபம் வரைக்கும், இந்தப் பக்கம் பெரியபட்டினம் வரைக்கும் புதுசா வீடு கட்டுறவங்க நிறையப் பேரு வாசல்ல கொஞ்சம் புல்லு பதிச்சு லான் போட்டுடுறாங்க, சந்தோஷம்தான், ஆனா ஐப்பசி மழை விழுந்த உடனே "அண்ணே, ராத்திரி எதுவோ வந்து பூராத்தையும் கிண்டிப் போட்டுருச்சு"ன்னு போன் வந்துரும், போய்ப் பார்த்தா நாங்கல்லாம் இந்த லான் போடுற தொழிலுக்கு வந்த புதுசுல பண்ணுன அதே தப்பு. கேட்டைச் சாத்துங்க, மிச்சச் சோத்தை வெளியில கொட்டாதீங்கங்கிறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடுறேன்.

எது வந்துச்சுன்னு பார்க்காம செலவு பண்றது

ஏர் ஓட்டுன மாதிரி நீளமாப் புல்லைப் பொரட்டிப் போட்டிருந்தா காட்டுப்பன்னி, சுத்தி இருக்க சீமைக்கருவேலங்காட்டுலதான் பகல்ல படுத்துக் கிடக்கும். சின்னச் சின்ன கூம்புக் குழியா இருந்தா பெரும்பாலும் கீரி, புழு தேடுது. ஓட்டை வாயில மண்ணு குவிஞ்சு கிடந்தா பெருச்சாளி. நிழல்ல அகலமாப் பள்ளம் பறிச்சிருந்தா தெருநாய் படுக்க இடம் பண்ணியிருக்கு, அவ்வளவுதான். கடலை ஒட்டுன வீடுகள்ல வட்டமா ஒரு ஓட்டை, சுத்தி மண் உருண்டை உருண்டையாக் கிடக்கும், அது நண்டு வளை. அதுக்குப் போயி எலி மருந்து வைக்கிறாங்க, பார்த்தாலே வயிறு எரியுது.

விஷம், அவுட்டுக்காய், வேலியில கரண்டு

விஷம், அவுட்டுக்காய்ங்கிற தீனிக்குள்ள வைக்கிற நாட்டு வெடி, கரண்டு, மூணும் கூடாது. கேஸு, சாவு ரெண்டும் வரும்.

மக்காத குப்பை

இதைத்தான் நான் தொண்டை கிழியச் சொல்றேன், யாரும் கேக்குறதில்ல. நம்ம ஊரு மணல்ல சத்து கிடையாது, தண்ணியும் நிக்காது, அதனால புல்லு பதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டிராக்டர் மாட்டுக்குப்பை இறக்குறாங்க. இறக்குறது தப்பில்ல, மக்காத குப்பையை இறக்குறதுதான் தப்பு. தென்னந்தோப்பு ஏரியா இது, காண்டாமிருக வண்டு முட்டை வைக்கிறதே சாணிக்குப்பைக் குழியிலதான், அந்தப் புழுவு மாசக்கணக்குல அதுக்குள்ளேயே தின்னுக்கிட்டுக் கிடக்கும். நீங்க காசு கொடுத்து அந்தப் புழுவையும் சேர்த்து வாங்கி லானுக்கு அடியில பரப்புறீங்க. பன்னிக்கு மோப்பம் போதும், மழையில மண்ணு வேற இளகிப் போயிருக்கும்.

உச்சிப்புளி பக்கம் ஒரு வீடு, சவுதியில சம்பாரிச்சுட்டு வந்தவரு, பஃபெல்லோ புல்லு போட்டாரு. பன்னி வந்துச்சு. சுத்தி செயின்லிங்க் கம்பிவேலி போட்டாரு, கீழ மணலைப் பறிச்சுக்கிட்டு உள்ள வந்துச்சு. லைட்டு போட்டாரு, வேட்டு போட்டாரு, கொஞ்ச நாள் நின்னுச்சு, திரும்ப வந்துச்சு. வேலிக்குச் செலவு பண்ணுன காசுல இன்னொரு லான் போட்டிருக்கலாம். நான் போயி மம்பட்டியால ஒரு ஓரத்துல வெட்டிப் பொரட்டுனேன், பெருவிரல் தடிமன்ல வெள்ளைப் புழு, தலை மட்டும் செம்பட்டை, ஒவ்வொண்ணும் சுருண்டுக்கிட்டுக் கிடக்கு. அவரு ஒண்ணுமே பேசல. கடைசியில புல்லை எடுத்துட்டு குப்பையை வெளியில வெயில்ல பரப்பி, கோழியை விட்டுப் பொறுக்க வச்சு, மறுபடி போட்டோம்.

இப்ப வாங்குறவங்க கையில அள்ளிப் பாருங்க, சாணி வாடை இருக்கக் கூடாது, கருப்பாப் பொலபொலன்னு உதிரணும், அதுக்கப்புறமும் சலிச்சுத்தான் போடணும். சந்தேகமா இருந்தா மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை ஈரக்குப்பையில கலந்து நிழல்ல போட்டு வைங்க, அது புழுவை மெதுவாத்தான் கொல்லும், காஞ்ச குப்பையில வேலை செய்யாது. ஏற்கனவே போட்ட லானா இருந்தா ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, மூணு இஞ்சு ஆழம் பொரட்டி எண்ணுங்க. ஒண்ணு ரெண்டு புழு இருந்தா விட்டுருங்க, அஞ்சு பத்துன்னு இருந்தா வைத்தியம் பண்ணணும். புல்லைப் பிடிச்சு இழுத்தா வேரில்லாம சுருட்டிக்கிட்டு வந்துச்சுன்னா அது வேரையே தின்ற வேர்ப்புழு, அது இன்னும் மோசம்.

கண்மாய் மண்ணு அடிக்கிறவங்களும் பார்த்து அடிங்க. கோரைக்கிழங்கு கூடவே வரும், பன்னி அதுக்கும் வரும்.

சாயங்காலம் தண்ணி விடுறது

சித்திரை வைகாசியில ஊரே காஞ்சு கட்டாந்தரையாக் கிடக்கும், இளகுன ஈரமண்ணு உங்க வீட்டுல மட்டும்தான். விடியக்காலம் விடுங்க, ராத்திரிக்குள்ள மேல்மண்ணு காஞ்சுரும்.

பழைய மீன் வலையைக் கட்டுறது

இங்க சும்மா கிடைக்குதுன்னு கட்டிடுறாங்க. பன்னி கிழிச்சுக்கிட்டுப் போயிரும், மாட்டுறது சாரைப்பாம்பும் உடும்பும்தான். எலி பிடிக்கிற சாரையைக் கொன்னுட்டு அப்புறம் பெருச்சாளி கூடிப்போச்சுன்னு என்னையே கூப்பிடுறாங்க. உடும்பு 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது ரொம்பக் கடுமையாப் பாதுகாக்கிற பட்டியல்ல இருக்கு, மாட்டியிருந்தா நீங்களே அறுக்கப் போகாம வனத்துறைக்குச் சொல்லுங்க.

வேலி போட்டே ஆகணும்னா பனங்கருக்கு மட்டையை நெருக்கமா நட்டு, அடியில கம்பி வலையை வெளிப்பக்கமா ரெண்டு அடிக்குப் படுக்க வச்சு மணலைப் போட்டு மூடுங்க. நேரா நட்டுவச்ச வலையைப் பன்னி தோண்டிடும், வெளியில படுத்துக் கிடக்கிற வலை மேல அதுவே நின்னுக்கிட்டுத் தோண்ட முடியாது. உப்புக்காத்துல சாதாக் கம்பி சீக்கிரம் இத்துப்போயிரும், பிளாஸ்டிக் பூசுனதா வாங்குங்க, புரட்டாசியிலயே மணலைத் தள்ளிட்டு ஒரு தடவை கம்பியைப் பார்த்துருங்க.