மலைப்பாதையில் சிறு குழந்தைகளை அழவிடாமல் அழைத்துச் செல்வது எப்படி?

சமவெளியின் நான்குவழிச் சாலையில் கைபேசியைப் பார்த்தபடி அமைதியாக வந்த குழந்தை, நீலகிரி அடிவாரத்திலுள்ள கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு ஏறியதும் சிணுங்கத் தொடங்குவதற்குப் பல நேரங்களில் அந்தக் கைபேசியே காரணமாகிறது. வண்டி திரும்புவதை உட்காது உணர்ந்துகொண்டிருக்க, திரையையே பார்க்கும் கண்கள் எதுவும் அசையவில்லை என்று மூளைக்குச் சொல்கின்றன. இந்த முரண்பாடுதான் தலைசுற்றலையும் குமட்டலையும் உண்டாக்குகிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களிடம் இது அதிகம். ஆகவே நீலகிரிக்குச் செல்பவர்கள் கைபேசியையும் படப்புத்தகத்தையும் மேட்டுப்பாளையத்திலேயே பைக்குள் வைத்துவிடுவது நல்லது.

மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லி போன்ற எளிய உணவைக் கொடுத்துவிட வேண்டும். வெறும் வயிறும் குமட்டும், பூரியும் பாலும் நிறைந்த வயிறும் குமட்டும். காருக்குள் வாசனைத் திரவியம் தொங்கினால் எடுத்துவிடுங்கள். கண்ணாடியைச் சற்றே இறக்கி வெளிக்காற்றை விடுங்கள். முகர்வதற்கு எலுமிச்சம்பழம் கொடுக்கும் நம் வழக்கம் எல்லாக் குழந்தைகளுக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது என்றாலும், அதனால் கெடுதல் இல்லை. குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டு மட்டுமே கொடுக்க வேண்டும். குழந்தை தூங்கிவிட்டால் தொல்லையில்லை என்று அதைக் கொடுப்பது சரியான செயலன்று.

நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை இருப்பதால், வாந்திக்கென்று பாலித்தீன் பையை நம்பி வர முடியாது. மூடியுள்ள சிறிய வாளியில் பழைய செய்தித்தாளை விரித்து, கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு துண்டு, ஒரு மாற்றுடை, எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஆகியவையும் பின்பெட்டியில் அல்லாமல் இருக்கையருகே இருக்கட்டும். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் கட்டாயமாக்கப்பட்ட இ-பாஸை (இணையவழி அனுமதிச் சீட்டை) வீட்டிலேயே எடுத்துவிட்டால், சோதனைச் சாவடியில் அழும் குழந்தையோடு காத்திருக்க நேராது.

அடுத்து, குழந்தையை எங்கே உட்கார வைப்பது என்பது. முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொள்வதைப் பாசம் என்று பலர் நினைக்கிறார்கள். விபத்தில் ஏர்பேக் விரியும்போது முதலில் அடிபடுவது அந்தக் குழந்தைதான். பின்னிருக்கையில், குழந்தைகளுக்கான தனி இருக்கையில் வார் போட்டு, முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும் உயரத்தில் அமர்த்துவது பாதுகாப்பானது. பார்வை தொலைவில் நிலைப்பதால் குமட்டலும் குறையும்.

கண்ணுக்கு வண்டிக்கு வெளியே வேலை கொடுத்து, வாய்க்கும் காதுக்கும் விளையாட்டைக் கொடுப்பதே மலைப்பாதைக்கு ஏற்ற உத்தி. வளைவுகளில் எண் எழுதிய பலகைகள் நிற்கின்றன. அடுத்த எண் என்ன என்று கேட்டால் நான்கு வயதுக் குழந்தைகூட ஆவலோடு எதிர்பார்க்கும். மலை ரயிலின் தண்டவாளம் தென்படுகிறதா என்று தேடச் சொல்லலாம். பெரிய குழந்தைகளுக்கு விடுகதையும், ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டும் ஏற்றவை. ஐந்து நிமிடத்துக்கொரு முறை "வாந்தி வருதா, கண்ணு?" என்று கேட்கும் பெரியவர்களை மட்டும் அன்போடு தடுத்துவிடுங்கள், கேட்கக் கேட்க வராத வாந்தியும் வந்துவிடுகிறது.

குன்னூருக்குப் போகும் வழியிலுள்ள பர்லியாறில் பத்து நிமிடம் இறங்கி நடந்தால் குழந்தையின் உடல் தெளியும். அங்கே குரங்குகள் அதிகம் என்பதால் தின்பண்டத்தைக் கையில் கொடுத்து இறக்கக் கூடாது. ஓடும் வண்டியிலும் நிலக்கடலையும் உருண்டை மிட்டாயும் வேண்டாம். வளைவின் குலுக்கலில் தொண்டையில் சிக்கக்கூடும்.

இறங்கும் பயணத்தைத்தான் பெற்றோர் பெரும்பாலும் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். உதகையின் 2,200 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் மேட்டுப்பாளையத்தின் சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. விழுங்கினால்தான் காதின் உட்குழல் திறந்து அழுத்தம் சமமாகும். தூங்கும் குழந்தை குறைவாகவே விழுங்கும் என்பதால், காதுவலியால் திடீரென்று வீறிட்டு எழும். ஆகவே இறங்கும் நேரத்தில் விழித்திருக்கச் செய்து, அவ்வப்போது ஒரு மிடறு வெந்நீர் கொடுங்கள். கைக்குழந்தைக்கு வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள். பிரேக்கை அடிக்கடி மிதிக்காமல், ஏறிய கியரிலேயே இறங்கும்படி ஓட்டுநரிடம் சொல்வது வண்டிக்கும் நல்லது, குழந்தையின் வயிற்றுக்கும் நல்லது. மூக்கடைப்போ காதுவலியோ ஏற்கெனவே இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, வாய்ப்பிருந்தால் ஒரு நாள் தங்கி இறங்குங்கள்.