தலை சுற்றுகிறதா, தரை ஆடுகிறதா? லேசான நிலநடுக்கத்தில் செய்யக் கூடாதவை

2012 ஏப்ரல் 11 அன்று மதியம் சுமத்ரா கடலில் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது, சென்னையில் மேல்மாடிகளில் இருந்த பலருக்கு அது தலைச்சுற்றல் போலத்தான் இருந்தது. தரைத்தளத்தில் இருந்த பலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் தாண்டி வருவதற்குள் வேகமான அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும். மெதுவாக ஆடும் நீண்ட அலைகள் மட்டும்தான் வந்து சேரும். அவை தாழ்ந்த வீடுகளை அவ்வளவாக அசைக்காது, உயரமான கட்டடங்களை ஊஞ்சல் மாதிரி ஆட்டும். அதனால் ‘பிரஷர் ஏறிவிட்டது’ என்று கண்ணை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். பாட்டிலில் இருக்கும் தண்ணீரைப் பாருங்கள், ஓடாத ஃபேனின் கம்பியைப் பாருங்கள். உங்களுக்கு மயக்கம் வந்தால் பாட்டில் தண்ணீர் அலையாது.

அருகிலேயே வரும் நடுக்கம் வேறு மாதிரி இருக்கும். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் சுமார் 5.5 அளவில் வந்தது அந்த வகை. ஜன்னல் கண்ணாடி கடகடக்கும், ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுச் சில விநாடிகளில் ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது: எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கட்டுக்கு ஓடுகிறார்கள். மூன்றாம் மாடியிலிருந்து கீழே வருவதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். மிதமான நடுக்கத்தில் கட்டடம் இடிவதைவிட, நெரிசலில் விழுந்து கால் முறிவதும் வெளியே கால் வைத்த கணத்தில் மேலிருந்து சன்ஷேடு காரையோ பூந்தொட்டியோ தலையில் விழுவதும்தான் அதிகம் நடக்கக் கூடியவை. பால்கனியிலிருந்து குதிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆட்டம் நிற்கும்வரை உறுதியான மேசைக்கடியில் மண்டியிட்டு, ஒரு கையால் அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லையென்றால் பீரோவையும் கண்ணாடியையும் விட்டு விலகி, உள்சுவர் ஓரம் தலையை மூடி உட்காருங்கள். படுக்கையில் இருந்தால் எழ வேண்டாம், தலையணையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் போதும். நிலைப்படிக்கு நடுவில் நிற்கச் சொல்வது பழைய மண்சுவர் வீட்டுக் காலத்து யோசனை. இன்றைய கான்கிரீட் வீட்டில் நிலைப்படிக்குத் தனிப் பலம் கிடையாது. ஓட்டு வீட்டில் வாசலை ஒட்டி இருப்பவர் மட்டும் இரண்டே எட்டில் வெளியே வர முடிந்தால் வரலாம். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்தி, முதலில் கதவு திறக்கும் தளத்தில் இறங்கிவிடுங்கள்.

ஆட்டம் நின்றதும் விளக்கைப் போட்டுப் பார்ப்பது அடுத்த தவறு. முதலில் மோந்து பாருங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து நிற்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவும் கூடாது, ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்த பிறகு கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்யுங்கள். இறங்கி வந்தவர்கள் காம்பவுண்டு சுவரை ஒட்டியும் டிரான்ஸ்பார்மருக்கு அடியிலும் கூடி நிற்க வேண்டாம்.

‘இன்னும் ஒரு மணி நேரத்தில் பெரியது வருகிறது’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அனுப்பாதீர்கள். பின்னதிர்வு வரலாம், ஆனால் நேரம் குறித்துச் சொல்ல உலகில் யாராலும் முடியாது. தேசிய நிலநடுக்கவியல் மையம் முதலில் சொன்ன அளவைச் சிறிது நேரத்தில் மாற்றினால், கூடுதல் நிலையங்களின் பதிவு வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் பொருள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் வேடிக்கை பார்க்கக் கடற்கரைக்குப் போகவே கூடாது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு நடுக்கம். நம் கரைக்குச் சுனாமி அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுக்கம் நெடுநேரம் நீடித்தாலோ கடல் உள்வாங்கினாலோ எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள்.

மறுநாள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் அவரவர் வீட்டுச் சுவரில் விரிசல் தேடுவார்கள். பூச்சில் மயிரிழைபோல ஓடும் கோடு பெரும்பாலும் பழையது. உள்ளே தூசியோ பெயிண்டோ இருக்கும். புதிதென்று பட்டால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள், நீள்கிறதா என்று தெரியும். உண்மையில் பார்க்க வேண்டிய இடம் கீழே கார் நிறுத்தும் தளம். அங்கே சுவர் இல்லாமல் தூண்கள் மட்டுமே மொத்தப் பாரத்தையும் தாங்குகின்றன. 2001 புஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இடிந்த அடுக்குமாடிகளில் பல இந்த வகைதான். தூணின் தலைப்பகுதியிலும் அடிப்பகுதியிலும், உத்தரம் சேரும் மூலையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சாய்வான விரிசலோ, கான்கிரீட் உதிர்ந்து தெரியும் கம்பியோ இருந்தால், பெயிண்டர் வந்து பட்டி பூசுவதற்கு முன்னால் கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்தாக வேண்டும்.