டிரில்லிங் மெஷின் பேட்டரியைப் பிரிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

கார்ட்லெஸ் டிரில்லிங் மெஷின் நாலு ஸ்க்ரூ முடுக்கியதும் நின்றுவிடுகிறது. சார்ஜரில் மாட்டினால் சிவப்பு விளக்கு மின்னுகிறது. பலரும் அப்போதே பேட்டரி பேக்கைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். முதலில் சார்ஜர் நல்லதா என்று வேறொரு பேட்டரியை மாட்டிப் பாருங்கள், முனைகளில் படிந்த தூசியைத் துடையுங்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால்தான் பேக்கைத் திறக்க வேண்டும். வாரண்டி இருந்தால் அதுவும் வேண்டாம், கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

18 வோல்ட் லித்தியம் பேக்குக்குள் பொதுவாக 18650 என்ற அளவிலான உருளை செல்கள் ஐந்து தொடர் இணைப்பில் இருக்கும். ஒவ்வொன்றும் பெயரளவில் 3.6 வோல்ட், சார்ஜைப் பொறுத்து ஏறி இறங்கும். 20 வோல்ட் என்று அச்சிட்டு விற்பதிலும் அதே ஐந்துதான், முழு சார்ஜில் வரும் வோல்டேஜை வைத்துப் போட்ட எண் அது. இதில் ஒரு செல் போனாலும் மொத்த பேக்கும் வேலை செய்யாது. அதனால் இரண்டு முனைகளில் மட்டும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். நாலு செல் 3.9 வோல்ட், ஒன்று மட்டும் 1.5 வோல்ட் என்றால் கூட்டுத்தொகை 17.1 வரும். பார்க்க நல்ல பேக் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்தால்தான் கோளாறு தெரியும்.

அளந்த பிறகு செய்யும் தவறுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. சார்ஜர் ஏற்க மறுக்கும் பேக்கை, நல்ல பேக்கிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து 'எழுப்பி' விடுகிறார்கள். அதில் பாயும் கரண்டுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து செல்லுக்குள்ளேயே இருக்கிறது. வோல்டேஜ் மிகவும் இறங்கி ரொம்ப நாள் கிடந்த செல்லில், உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் உண்டாக்கலாம். அன்றைக்கு நன்றாக ஓடிய பேட்டரி பிறகொரு நாள் சார்ஜரில் இருக்கும்போது தீப்பிடிக்க இதுவும் ஒரு காரணம். 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லைக் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

சரி, செல் மாற்றலாம் என்றால் கெட்ட ஒன்றை மட்டும் மாற்றுவதா? புது செல்லும் களைத்த நாலும் ஒரே வேகத்தில் தீராது, ஒரே வேகத்தில் ஏறாது. கொஞ்ச நாளில் வேறொன்று விழும். ஒரே கம்பெனி, ஒரே மாடலில் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், இணைக்கும் முன் எல்லாம் ஒரே வோல்டேஜில் இருக்கட்டும்.

செல் வாங்கும்போது எம்ஏஎச் எண்ணை, அதாவது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. 9800 எம்ஏஎச் என்று எழுதிய 18650 செல் பொய். நல்ல கம்பெனிகளின் செல்லே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கும். டிரில்லுக்கு முக்கியம், செல் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பது. சாம்சங் 25ஆர் செல் 2500 எம்ஏஎச்தான், ஆனால் 20 ஆம்பியர் தாங்கும். பழைய லேப்டாப்பில் கழற்றிய செல் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அந்த இழுவைக்குச் செய்யப்பட்டதல்ல, சூடாகிவிடும்.

இணைப்பதற்கு சால்டரிங் அயர்ன் வேண்டவே வேண்டாம். அந்தச் சூடு செல்லின் சீலையும் உள்ளிருக்கும் பிரிப்புத் தாளையும் கெடுத்துவிடும். பட்டையை ஒரு நொடி மின்சாரத்தில் புள்ளியாக ஒட்டும் ஸ்பாட் வெல்டிங்தான் சரி, மெஷின் இல்லையென்றால் இருக்கிற கடையில் கொடுத்துவிடுங்கள். செல்களை இணைக்கும் அந்தப் பட்டையும் சுத்த நிக்கலாக இருக்க வேண்டும். நிக்கல் பூசிய இரும்புப் பட்டையில் மின்தடை அதிகம், சூடேறும். ஒரு துண்டைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள், துருப்பிடித்தால் இரும்பு. இன்னொன்று: 18650-இன் உடல் முழுதும் நெகட்டிவ். பாசிட்டிவ் முனையின் விளிம்புவரை அதுதான். மேலே சுற்றிய மெல்லிய உறை கிழிந்து பட்டை அங்கே தொட்டால் ஷார்ட். பாசிட்டிவ் முனையில் ஒட்டும் காகித வளையம் போடாமல் பட்டை வைக்காதீர்கள். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். பேக்குக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டுக்குப் போகும் சின்ன ஒயர்களைக் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இடம் மாறினால் போர்டு எரிந்துவிடும்.

பழைய நிக்கல்-காட்மியம் டிரில் வைத்திருப்பவர்கள் அதே உறைக்குள் லித்தியம் செல் அடுக்கி, அதே சார்ஜரில் போடுவதும் நடக்கிறது. அந்த சார்ஜருக்கு, லித்தியம் செல் ஒவ்வொன்றும் முழு சார்ஜான 4.2 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்தத் தெரியாது. லித்தியத்துக்கு மாற்றினால் பாதுகாப்பு போர்டும் சார்ஜரும் சேர்ந்தே மாற வேண்டும்.

கழற்றிய செல்களைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. அதனால் சர்வீஸ் சென்டரிலும் கேட்டுப் பார்க்கலாம்.