ஸ்ட்ரெங்த் இருக்கு, குவாலிட்டி இல்லை: சென்னை மொட்டை மாடியில் ஃப்ரீ டிஷ்

தூர்தர்ஷனின் இலவச டிவி சேவையான ஃப்ரீ டிஷ்ஷுக்காக 60 செ.மீ. டிஷ், ஜிசாட்-15 செயற்கைக்கோளை (93.5° கிழக்கு) நோக்கி. ஸ்ட்ரெங்த் (சிக்னலின் வலிமை) நன்றாகக் காட்டியது, குவாலிட்டி (அதன் தெளிவு) மட்டும் ஏறவே இல்லை. ரிசீவர் அமைப்பில் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் தலைப்பகுதி) யுனிவர்சல், 9750/10600 மெகாஹெர்ட்ஸ் என்று சரியாகத்தான் இருந்தது.

குறை எல்என்பியின் திருப்பத்தில். சென்னையிலிருந்து இந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கே (வடக்கிலிருந்து சுமார் 134°), 68° உயரத்தில் இருக்கிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் எல்என்பியை ஏறக்குறைய 45° திருப்ப வேண்டும். நேராக மாட்டினால் செங்குத்து, கிடைமட்டம் இரண்டு அலைகளும் கலந்து விழும். ஸ்ட்ரெங்த் வரும், குவாலிட்டி வராது. டிஷ்ஷுக்குப் பின்னால் வானத்தைப் பார்த்து நின்று, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினேன். இரண்டிரண்டு டிகிரியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுக்க வேண்டும். மீட்டர் தாமதமாகவே காட்டும். அவசரப்பட்டால் உச்சத்தைத் தாண்டிவிடுவோம்.

ஆஃப்செட் டிஷ் (எல்என்பி தட்டின் நேர் நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பது) என்பதால் தட்டு 68° அண்ணாந்து பார்க்காது. சுமார் 44°தான் சாய்ந்திருக்கும். இதைப் பார்த்துக் குழம்பித்தான் பலர் தட்டை மேலும் மல்லாத்துகிறார்கள்.

அடுத்தது எஃப் கனெக்டர், அதாவது கேபிள் முனையில் இருக்கும் திருகு இணைப்பு. உள்ளே பச்சை பூத்திருந்தது. ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே கேபிளைத் தொடுங்கள்; அதில் 13 அல்லது 18 வோல்ட் ஓடும், ஷார்ட் ஆனால் ரிசீவர் போகும். ஆர்ஜி-6 கேபிளைப் புதிதாகச் சீவி, நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 2–3 மி.மீ. மட்டும் நீட்டி, சுற்றியுள்ள உலோக வலையின் ஒரு இழைகூட அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். மேலே ரப்பர் டேப். எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.