டிமென்ஷியாவின் போக்கு: பழைய மருத்துவக் காகிதங்களை வைத்துப் பார்ப்பது எப்படி?

வீட்டில் ஒருவருக்கு டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மங்கிக்கொண்டே போகும் நோய்) இருந்தால் சில வருடங்களிலேயே பை நிறையக் காகிதம் சேர்ந்துவிடும். அவற்றைத் தேதிவாரியாக ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தால், நோய் என்ன வேகத்தில் போகிறது, எந்தச் சரிவுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்பது ஓரளவு பிடிபடும். நோட்டும் பேனாவும் போதும். எக்ஸெல் தெரிந்தால் வசதி.

படி 1: அடுக்குங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச்சீட்டு, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் பழையது முதலில் வரும்படி அடுக்குங்கள். நோய் உறுதியான தேதியிலிருந்து தொடங்க வேண்டாம், அதற்கு முந்தைய சில வருடங்களையும் சேருங்கள். சர்க்கரைக்குக் காட்டப் போன நாளின் சீட்டில் "மாத்திரை போட மறக்கிறார்" என்று ஒரு வரி இருக்கலாம். நோயின் ஆரம்பம் பல நேரம் இப்படிப்பட்ட வரிகளில்தான் கிடைக்கும்.

படி 2: அட்டவணை

தேதி, நினைவாற்றல் தேர்வின் மதிப்பெண், அன்றாட வேலைகள், மருந்து மாற்றம், அந்தச் சமயம் வேறென்ன நடந்தது என்று ஐந்து பத்திகள் (column). கடைசிப் பத்தியைக் காலியாக விடாதீர்கள், பின்னால் அதுதான் அதிகம் உதவும்.

படி 3: மதிப்பெண்கள்

அதிகம் கண்ணில் படுபவை எம்.எம்.எஸ்.இ. (MMSE), மோகா (MoCA) என்ற இரண்டு தேர்வுகள்; நினைவையும் சிந்தனையையும் கேள்விகள் கேட்டுச் சோதிப்பவை. இரண்டுக்கும் மொத்தம் 30 என்பதால் குழப்பம் வரும். மோகா கொஞ்சம் கடினமானது. முதலில் எம்.எம்.எஸ்.இ.யில் 25, அப்புறம் மோகாவில் 20 என்றால் ஐந்து குறைந்துவிட்டது என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொன்றையும் அதனதன் பழைய மதிப்பெண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு ஏறி இறங்கினால் பதற வேண்டாம்: முந்தைய இரவு தூங்காததும் காதுக் கருவி போடாததும்கூட மதிப்பெண்ணைக் குறைக்கும். பள்ளிப் படிப்பு குறைந்தவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே குறைவாகத்தான் வரும்.

படி 4: அன்றாட வேலைகள்

என்னைக் கேட்டால் மதிப்பெண்ணைவிட இதுதான் முக்கியம். நோய் முற்றியபின் தேர்வே எழுத முடியாது, அப்போது மாற்றத்தைக் காட்ட இது ஒன்றுதான் மிஞ்சும். டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில் பொதுவாகப் பணக் கணக்கு, மாத்திரை, தனியே வெளியில் போய் வருவது ஆகியவை முதலில் தடுமாறும். உடுத்துவது, குளிப்பது அப்புறம். தானாகச் சாப்பிடுவது வெகுநாள் நிற்கும். இதெல்லாம் மருத்துவச் சீட்டில் அபூர்வமாகவே இருக்கும், நீங்கள்தான் எழுத வேண்டும். "மோசமாகிவிட்டார்" என்று எழுதினால் பயனில்லை. "ஜூன்: சட்டைப் பொத்தானைத் தானே போட முடியவில்லை" என்று எழுதுங்கள்.

படி 5: சரிவின் வடிவம்

இப்போது மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படியுங்கள். சீராக, மெதுவாக இறங்கினால் அது அல்சைமரின் வழக்கமான போக்கு. கொஞ்ச காலம் அப்படியே நின்று சட்டென்று ஒரு படி இறங்கி மீண்டும் நிற்பது, மூளை ரத்தநாளப் பாதிப்பால் வரும் டிமென்ஷியாவில் காணப்படும். நாளுக்கு நாள் தெளிவும் குழப்பமும் மாறி மாறி வந்து, இல்லாத ஆட்களும் கண்ணுக்குத் தெரிந்தால் லூயி பாடி என்ற இன்னொரு டிமென்ஷியா வகையாக இருக்கலாம். இரண்டு வகை கலந்தும் வரும் என்பதால் வகையை நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஆள் அடியோடு மாறிவிட்டால் கதை வேறு. அது டெலிரியம் என்னும் திடீர்க் குழப்பமாக இருக்கலாம். அட்டவணையில் எழுதிவிட்டு அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, மலச்சிக்கல், அறுவை சிகிச்சை, புது மருந்து என்று காரணங்கள் பல. பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

பழைய சரிவுகளுக்கும் அட்டவணையின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். அதற்குச் சற்று முன் தூக்க மாத்திரையோ, அலர்ஜிக்கோ சிறுநீர் அடக்க முடியாமைக்கோ புது மாத்திரையோ தொடங்கினார்களா? இந்த வகைகளில் சில நினைவாற்றலை மந்தமாக்கும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வைட்டமின் பி12, தைராய்டு குறைந்தாலும் மறதி வரலாம் என்பதால், அந்தப் பரிசோதனைகள் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்றும் பாருங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது பையை முழுதாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அட்டவணை, இப்போது போடும் மருந்துகளின் பட்டியல், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் போதும். சந்தேகம் வந்த வரிகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, முதலிலேயே காட்டிவிடுங்கள்.